கேமரா இருந்த நாளும் இல்லாத வருஷங்களும்

கிழக்குத் திமோரின் விடுதலைப் போராட்டம் என்றதும் தொலைக்காட்சிக்காரர்களின் கை தானாகப் போய் எடுக்கும் துண்டு ஒன்று உண்டு. கல்லறைத் தோட்டம். குறுகலான வாசலில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. விழுந்தவர்கள் மேலேயே அடுத்தவர்கள் விழுகிறார்கள். பின்னால் துப்பாக்கிச் சத்தம், அதற்கும் மேலே விடாமல் ஊளையிடும் சைரன். அப்புறம் சமாதிகளுக்கு நடுவே ரத்தம் தோய்ந்த சட்டையோடு ஒரு இளைஞன், அவனைத் தாங்கிப் பிடித்திருக்கும் இன்னொருவன். கிழக்குத் திமோரின் தலைநகர் டிலி, சாண்டா குரூஸ் கல்லறைத் தோட்டம், 1991 நவம்பர் 12.

செய்தித் தொலைக்காட்சி ஒன்றின் எடிட்டிங் அறையில் சில காலம் வேலை பார்த்தவன் நான். அங்கே ஒரு நாளைக்கு ஐம்பது தடவை காதில் விழும் கேள்வி, "விஷுவல் இருக்கா?" என்பதுதான். விஷுவல் இருந்தால் செய்திக்கு மூன்று நிமிஷம் கிடைக்கும். இல்லையென்றால் வாசிப்பாளர் நான்கு வரி படித்துவிட்டு விளையாட்டுக்குப் போய்விடுவார். எவ்வளவு பேர் செத்தார்கள் என்பது இரண்டாவது கேள்வி. இதைக் கேட்டு யாரும் அங்கே முகம் சுளித்ததில்லை, நான் உட்பட. திமோரின் கதையை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்த்தபோதுதான் அந்தத் தொழிலின் விசித்திரம் எனக்கு உறைத்தது. அந்த நாட்டில் மிக அதிகமாக மக்கள் செத்த வருஷங்களுக்குக் கிட்டத்தட்ட விஷுவலே கிடையாது.

முன்கதை சுருக்கமாக. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் திமோர் தீவின் கிழக்குப் பாதி நானூறு வருஷங்களுக்கும் மேலாகப் போர்ச்சுகலோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. 1974 ஏப்ரலில் லிஸ்பனில் சர்வாதிகாரம் கவிழ்ந்ததும் காலனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஃப்ரெட்டிலின் இயக்கம் 1975 நவம்பர் 28-இல் விடுதலையை அறிவித்தது. ஒன்பதே நாள். டிசம்பர் 7-ஆம் தேதி இந்தோனேசியப் படை டிலியில் இறங்கியது.

அதற்கு முன்பே கேமராக்களின் கதை ஆரம்பித்துவிட்டது. அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் இரண்டு தொலைக்காட்சி நிறுவனங்களைச் சேர்ந்த ஐந்து பேர் எல்லையோரம் இருந்த பாலிபோ என்ற சிற்றூருக்குப் போனார்கள். கிரெக் ஷாக்கிள்டன், டோனி ஸ்டூவர்ட், கேரி கன்னிங்ஹாம், மால்கம் ரென்னி, பிரையன் பீட்டர்ஸ். இந்தோனேசியப் படை ரகசியமாக எல்லை தாண்டுகிறது என்ற பேச்சைப் படமாக்கிக் காட்டுவதுதான் நோக்கம். தங்கியிருந்த வீட்டுச் சுவரில் ஆஸ்திரேலியக் கொடியை வரைந்து பெயரையும் எழுதி வைத்தார்கள். நாங்கள் பத்திரிகையாளர்கள், எங்களைச் சுடாதீர்கள் என்று சொல்வதற்கு. ஷாக்கிள்டன் சுவரில் வர்ணம் பூசும் அந்தக் காட்சி வெளியே வந்துவிட்டது. அதற்கு முன்னால் அவர் ஒரு கிராமத்தில் உட்கார்ந்து பேசி அனுப்பிய செய்தியும் வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் தன்னைச் சுற்றி உட்கார்ந்து, ஏன் யாரும் உதவிக்கு வரவில்லை என்று கேட்டதைத்தான் அதில் சொல்கிறார். செய்தியாளரின் மிடுக்கெல்லாம் கழன்று விழுந்த குரல் அது. அக்டோபர் 16-ஆம் தேதி ஐந்து பேரும் கொல்லப்பட்டார்கள். அன்றைக்கு அவர்கள் என்ன படம் பிடித்திருந்தாலும் அது யார் கண்ணுக்கும் கிடைக்கவில்லை.

இரு தரப்புச் சண்டையில் சிக்கி இறந்தார்கள் என்பதே ஜகார்த்தாவின் பதில், வருஷக்கணக்காக. 2007-இல் நியூ சவுத் வேல்ஸ் மரண விசாரணை நீதிமன்றம் அது வேண்டுமென்றே செய்த கொலை என்றும், படை நடவடிக்கை வெளியே தெரிந்துவிடக்கூடாது என்பதே காரணம் என்றும் சொன்னது. முப்பத்திரண்டு வருஷம் கழித்து. அந்த ஐவருக்கு என்ன ஆனது என்று விசாரிக்கவும் செய்தி அனுப்பவும் டிலிக்கு வந்த இன்னொரு ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ரோஜர் ஈஸ்ட், படையெடுப்புக்கு மறுநாள் டிலி துறைமுகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வெளிநாட்டுச் செய்தியாளர் என்று யாரும் மிச்சமில்லை. தீவு பூட்டப்பட்டது.

பூட்டிய கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதற்குப் பின்னாளில் திமோரின் உண்மை ஆணையம் ஒரு கணக்குப் போட்டது. மோதலால் ஏற்பட்ட மரணங்கள் குறைந்தது 1,02,800. அதில் நேரடிக் கொலைகள் சுமார் 18,600. மீதி 84,000-க்கும் மேல் பசியாலும் நோயாலும். பசியின் உச்சம் 1977 முதல் 1979 வரை. மலைகளில் ஒளிந்திருந்த மக்களைக் குண்டு போட்டுக் கீழே இறக்கி, முகாம்களில் அடைத்து, பயிர் செய்ய விடாமல் வைத்திருந்த காலம். இதற்கெல்லாம் காட்சி என்று பெயர் சொல்லும்படி எதுவும் இல்லை. சத்தம்தான் இருந்தது. மலையிலிருந்து ரேடியோ மௌபெரே என்ற ஒலிபரப்பு கரகரவென்று வரும். கடலுக்கு அந்தப் பக்கம் டார்வின் பகுதியில் ஆதரவாளர்கள் திருட்டுத்தனமாக ரேடியோ வைத்துக் கேட்பார்கள், ஆஸ்திரேலிய அதிகாரிகள் வந்து பிடுங்கிப் போவார்கள், மறுபடி வேறு இடத்தில் வைப்பார்கள். 1978 கடைசியில் அந்தக் குரலும் நின்றுபோனது.

ஆக, சுமார் ஒரு லட்சம் பேரின் சாவுக்குக் கரகரப்பான குரல். ஒரு காலை நேரத்துச் சாவுக்கு உலகமே பார்த்த வீடியோ. சாண்டா குரூஸைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு போராட்டத்தைச் செய்திப் படங்களை வைத்து மட்டும் நினைவில் வைத்திருந்தால் அந்த நினைவு எந்தப் பக்கம் சாயும் என்பதற்காகச் சொல்கிறேன். கேமரா போன பக்கம் சாயும்.

கேமரா எப்படி உள்ளே வந்தது? 1989-இல் ஜகார்த்தா அந்தப் பகுதியை ஓரளவு திறந்துவிட்டது. அந்த அக்டோபரில் போப் இரண்டாம் ஜான் பால் டிலிக்கு வந்தார். தாசி தோலு திடலில் பூசை முடிந்ததும் இளைஞர்கள் சிலர் பதாகை விரித்துக் கோஷம் போட்டார்கள், போப்போடு வந்திருந்த வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களின் கண் முன்னால். தற்செயலாக நடந்ததில்லை அது. காட்டில் துப்பாக்கியோடு இருந்த விடுதலைப் போராளிகளின் ஃபலிந்தில் படை மிகவும் சிறுத்துவிட்டிருந்தது. நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் வேறொரு கணக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள்: வெளியாள் பார்க்கும்போது செய், பார்க்கும் இடத்தில் செய்.

1991-இல் போர்ச்சுகல் நாடாளுமன்றக் குழு ஒன்று டிலிக்கு வருவதாக இருந்தது. இளைஞர்கள் பதாகை எல்லாம் தயார் செய்து காத்திருந்தார்கள். குழுவோடு வரவிருந்த பத்திரிகையாளர் ஒருவரை இந்தோனேசியா ஏற்க மறுத்ததில் பயணமே ரத்தானது. தயார் செய்து வைத்த எதிர்ப்பு கையிலேயே நின்றுவிட்டது. அக்டோபர் 28-ஆம் தேதி மோத்தாயல் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் தாக்குதல் நடந்து, செபஸ்தியாவ் கோமஸ் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து அவருக்கான பூசை முடிந்து, கல்லறையில் பூப்போட மோத்தாயலிலிருந்து சாண்டா குரூஸுக்கு ஊர்வலம் கிளம்பியது. ஆயிரக்கணக்கான பேர். பள்ளிச் சீருடையில் பிள்ளைகள். சட்டைக்குள்ளிருந்து கொடிகளும் போராட்டத் தலைவர் ஷனானா குஸ்மாவின் படமும் வெளியே வந்தன.

பதாகைகளில் சில ஆங்கிலத்தில் இருந்தன. டிலியில் அன்றைக்கு ஆங்கிலம் படித்து மகிழ யார் இருந்தார்கள்? லென்ஸுக்காக எழுதியவை அவை. அந்த வீடியோவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கேமரா பிடித்தவரின் துணிச்சலைச் சொல்வோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்கள் துணியில் வர்ணம் தீட்டிய அந்தப் பிள்ளைகள். தங்களைச் சுடலாம் என்று தெரிந்தே, சுட்டால் அதையும் வெளிநாட்டுக்காரன் பார்க்கட்டும் என்று நடந்தவர்கள். செய்தித் துண்டில் அவர்கள் ஓடும் கூட்டமாக மட்டும் மிஞ்சிப்போனார்கள்.

கேமரா பிடித்தவர் மேக்ஸ் ஸ்டால். நிஜப்பெயர் கிறிஸ்டோபர் வென்னர். பிரிட்டனில் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றின் தொகுப்பாளராக எழுபதுகளின் கடைசியில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த முகம். டிலிக்கு ரகசியமாக வந்திருந்தார். ஊர்வலம் கல்லறைத் தோட்டத்தை எட்டியதும் அவர் உள்ளே போய்விட்டார். இளைஞர்கள் மதில் மேல் ஏறிக் கொடி ஆட்டிக்கொண்டிருந்தபோது வெளியே படை வந்து நின்றது, சுட ஆரம்பித்தது. வழியில் ஒரு இந்தோனேசிய மேஜருக்குக் கத்திக்குத்து விழுந்திருந்தது உண்மை. ராணுவம் அதைத்தான் காரணமாகச் சொன்னது. ஆனால் வெளியே நின்றிருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் ஏமி குட்மன், ஆலன் நைர்ன் இருவரும், எந்தத் தூண்டுதலும் இல்லாமல் வரிசையாக வந்து சுட்டார்கள் என்றே சாட்சி சொன்னார்கள். அவர்களையும் அடித்தார்கள். நைர்னின் மண்டை உடைந்தது.

எடிட்டர் கண்ணோடு பார்த்தால் அந்தப் படம் மோசமான படம். கை நடுங்குகிறது, ஃபோகஸ் தடுமாறுகிறது, கேமரா தரையைப் பார்க்கிறது, மறுபடி நிமிர்கிறது. ஆனால் அவர் ஓடவில்லை. ஒரு ஷாட் எடுத்துவிட்டு நிறுத்துகிறார், நாடாவை மாற்றுகிறார், மறுபடி எடுக்கிறார். ராணுவம் சமாதி சமாதியாகத் தேடிக்கொண்டு வரும்போது, எடுத்து முடித்த நாடாக்களை அங்கிருந்த புதுக் குழி ஒன்றில் புதைத்துவிட்டார். அவரைப் பிடித்து மணிக்கணக்கில் விசாரித்தார்கள். விட்டதும் இருட்டில் திரும்பிப் போய்த் தோண்டி எடுத்தார். நெதர்லாந்துப் பத்திரிகையாளர் சஸ்கியா கௌவன்பெர்க் அவற்றை உடைக்குள் ஒளித்துத் தீவை விட்டு வெளியே கொண்டுபோனார். இவர் பெயர் அந்தத் துண்டோடு எப்போதும் வருவதில்லை. வர வேண்டும். எடுத்தவரை விமான நிலையத்தில் சோதிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கொண்டுபோனவர் இல்லாவிட்டால் அந்த நாடா இன்னொரு பாலிபோ.

1992 ஜனவரியில் பிரிட்டனின் யார்க்‌ஷயர் டெலிவிஷன் இதை முழு நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. அதற்கு முன்பே செய்திகளில் துண்டுகள் ஓடிவிட்டன. எல்லா ஊரிலும் துப்பாக்கிச் சத்தம் அதிர்ச்சி கொடுத்தது என்றால், போர்ச்சுகலில் வேறொரு சத்தம். தோட்டத்துக்குள் இருக்கும் சின்ன ஜெபக்கூடத்தில் ஒளிந்தவர்கள் சத்தமாக ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், போர்ச்சுகீஸ் மொழியில். கைவிட்டு வந்த காலனி, பதினாறு வருஷமாக மறந்திருந்த காலனி, சாகப்போகும் நேரத்தில் தங்கள் வீட்டுப் பாட்டி சொல்லும் அதே வார்த்தைகளில் மரியாளைக் கூப்பிடுகிறது. லிஸ்பனில் அதைக் கேட்டவர்களுக்கு அது வெளிநாட்டுச் செய்தியாக இல்லை. அந்த ஒலித்தடத்தை ஒரு எடிட்டர் "ஆம்பியன்ஸ் வேண்டாம், மியூசிக் போடு" என்று குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நாங்கள் வழக்கமாகக் குறைப்போம்.

இறந்தவர்கள் பத்தொன்பது பேர் என்றது ராணுவம் முதலில். அரசு விசாரணைக் குழு அதைச் சுமார் ஐம்பது ஆக்கியது. பெயர் பெயராகச் சேகரித்த ஒரு பட்டியல் 271 என்றது. நியூசிலாந்து மாணவர் கமால் பமாதாஜும் அன்று கொல்லப்பட்டார். சுட்ட தரப்பில் பத்துப் பேருக்கு எட்டு முதல் பதினெட்டு மாதம் வரை தண்டனை. ஊர்வலத்தை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவருக்கு ஆயுள். இந்தக் கணக்கைப் படிக்கும்போது வீடியோ எதைச் சாதிக்கவில்லை என்பதும் தெரிகிறது. நீதிமன்றத்தில் அது யாரையும் அசைக்கவில்லை. வாஷிங்டனில் கொஞ்சம் அசைத்தது. 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தோனேசிய அதிகாரிகளுக்கான ராணுவப் பயிற்சி நிதியை வெட்டியது.

எதிர்த்தரப்புக்கும் தொலைக்காட்சி உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. 1992 நவம்பரில் ஷனானா குஸ்மாவ் டிலியில் பிடிபட்டார். சில நாளில் இந்தோனேசிய அரசுத் தொலைக்காட்சியில் தோன்றினார். எதிரே ஆளுநர் உட்கார்ந்து கேள்வி கேட்க, இவர் ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்று தோழர்களைக் கேட்டுக்கொண்டார். நல்ல வெளிச்சம், ஆடாத கேமரா, தெளிவான ஒலி. தொழில்நுட்பமாகப் பார்த்தால் சாண்டா குரூஸ் வீடியோவை விட எவ்வளவோ மேல். அடுத்த வருஷம் விசாரணையில் அவர் அதை மறுத்துத் தன் தரப்பைப் படிக்க ஆரம்பித்ததும் நீதிபதி பாதியில் நிறுத்திவிட்டார். இதுவும் அந்த நாட்டின் விடுதலைப் போராட்டத்துக் காட்சிதான், இதையும் பத்திரப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் எந்த அறையில், யார் காவலில் எடுத்தது என்ற குறிப்பு இல்லாமல் வைத்தால் நாளைக்கு ஒருவன் அதை எடுத்து நேராக ஒளிபரப்பிவிடுவான்.

1996-இல் டிலியின் பிஷப் பெலோவுக்கும், வெளிநாடுகளில் போராட்டத்துக்காகப் பேசிவந்த ராமோஸ்-ஹோர்த்தாவுக்கும் நோபல் அமைதிப் பரிசு. 1998-இல் இந்தோனேசிய அதிபர் சுஹார்த்தோ விலகல். 1999 ஆகஸ்ட் 30-இல், இந்தோனேசியாவோடு இருப்பதா பிரிவதா என்ற வாக்கெடுப்பு. பதிவு செய்தவர்களில் 98 சதவீதத்துக்கும் மேல் வந்து வாக்களித்தார்கள், 78.5 சதவீதம் பேர் பிரிந்துபோகும் பக்கம். விடிவதற்கு முன்பே வரிசையில் நின்ற அந்தப் படங்கள் நிறைய உண்டு. அன்றைக்கு டிலியில் கேமராவுக்குப் பஞ்சமே இல்லை.

முடிவு அறிவித்ததும் இந்தோனேசிய ஆதரவு ஆயுதக் குழுக்கள் ஊரைக் கொளுத்த ஆரம்பித்தன. செய்தியாளர்களில் பெரும்பாலோர் விமானம் ஏறினார்கள். குறை சொல்ல மாட்டேன், அவர்கள் தங்கியிருந்த ஹோட்டலையே அந்தக் குழுக்கள் சுட்டுக்கொண்டிருந்தன. ஐ.நா. வளாகத்தை ஒட்டிய பள்ளியில் தஞ்சம் புகுந்தவர்கள், சுவர் மேல் போட்டிருந்த முள்கம்பிக்கு மேலாகப் பிள்ளைகளைத் தூக்கி இந்தப் பக்கம் எறிந்த இரவு உண்டு. வளாகத்துக்குள் ஆயிரத்துக்கும் மேல் திமோர் மக்கள். அவர்களை விட்டுவிட்டு ஊழியர்களை மட்டும் வெளியேற்றலாமா என்ற பேச்சு வந்தபோது போக மறுத்துத் தங்கிய சில பத்திரிகையாளர்களில் மேரி கோல்வினும் இருந்தார். ஸ்டாலும் தங்கினார். பிறகு மலைப்பக்கம் ஓடிய மக்களோடு போய் அதையும் எடுத்தார். 1977-இல் இதே மாதிரி மலைக்கு ஓடியவர்களை எடுக்க ஆள் இல்லை. செப்டம்பர் 20-இல் ஆஸ்திரேலியா தலைமையில் பன்னாட்டுப் படை இறங்கியது. 2002 மே 20 நள்ளிரவு, போப் வந்த அதே தாசி தோலு திடலில் கொடி ஏறியது.

பொதுவாகச் செய்தியாளர்கள் கதை இங்கே முடிந்துவிடும், அடுத்த போருக்குப் போய்விடுவார்கள். ஸ்டால் திரும்பி வந்து டிலியில் ஒரு ஒலி-ஒளிக் காப்பகம் அமைத்தார். உள்ளூர் இளைஞர்களுக்குக் கேமராவும் எடிட்டிங்கும் சொல்லிக்கொடுத்து, பழைய நாடாக்களோடு புதிதாகச் சாட்சியங்களையும் பதிய வைத்தார். பிரான்சின் தேசிய ஒலி-ஒளி நிறுவனம் பிரதி எடுத்துப் பாதுகாக்க உதவியது. வெப்பமும் ஈரமும் வீடியோ நாடாவை என்ன செய்யும் என்று அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். பூஞ்சை பிடித்து, சுருளின் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓட்டிப் பார்க்கும் இயந்திரமே கிடைக்காமல் போகும். 2013-இல் யுனெஸ்கோ அந்தத் தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஸ்டால் 2021 அக்டோபர் 28-இல் பிரிஸ்பேனில் காலமானார். செபஸ்தியாவ் கோமஸ் சுடப்பட்ட அதே தேதி, முப்பது வருஷம் கழித்து.

காப்பகத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அந்தச் சாட்சிய வேலை. பசியில் பிள்ளையைப் புதைத்த ஒரு தாயின் 1978-க்கு விஷுவல் கிடையாது, இனி கிடைக்கவும் கிடைக்காது. ஆனால் அந்தத் தாயே உட்கார்ந்து சொன்னால் அது பதிவாகும். ஆடாத கேமரா, ஒரு முகம், ஒரு மணி நேரம். எந்தச் செய்தி ஆசிரியரும் இதை வாங்க மாட்டார், நானே அந்தக் காலத்தில் "பேசும் தலை" என்று ஒதுக்கியிருப்பேன். அந்த நாட்டின் பெரும்பாலான சாவுகளுக்கு இருக்கப்போகும் ஒரே படம் அதுதான்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அலுப்பான வேலை. ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி, மதில் மேல் நிற்பவர் யார், கொடி பிடித்தவள் யார், அன்றைக்குத் தப்பித்தாளா என்று எழுதி வைப்பது. அன்று பதினைந்து வயதில் நடந்தவர்களுக்கு இன்று ஐம்பதைத் தொடும் வயது. பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதியாக வேண்டும். அங்கே நவம்பர் 12 தேசிய இளைஞர் நாள். ஒவ்வொரு வருஷமும் வெளிநாட்டுச் சானல்கள் அந்தக் கல்லறை வாசல் துண்டைக் கேட்கும். அனுப்புகிறவர்கள் அதோடு ஊர்வலத்துப் பகுதியையும் சேர்த்தே அனுப்பினால் நல்லது. ஓடும் கூட்டமாவதற்கு முன்னால் அவர்கள் சிரித்துக்கொண்டு, கை உயர்த்தி, ஆங்கிலத்தில் எழுதிய துணியைக் கேமரா பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நடந்த பகுதி.